இயந்திரத்தைக் கேட்டுக் கட்டரை வாங்குவோம்

திருப்பதியில் நான் ஆய்வு செய்யும் துறையின் ஆய்வகத்தில் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. அதன் மேல்தட்டில், எண்ணெய்த் தாளில் சுற்றப்பட்டு, ஃபேஸ் மில் கட்டர் ஒன்று மூன்று ஆண்டுகளாக உறங்குகிறது. விட்டம் 80 மில்லிமீட்டர், ஆறு இன்சர்ட்டுகள். வாங்கிய பிறகு அது இயந்திரத்தில் ஏறிய நாள்கள் கைவிரல்களுக்குள் அடங்கும். சென்ற வாரம் புதிய கொள்முதல் பட்டியல் எங்கள் பார்வைக்கு வந்தது. அதில் ஒரு வரி: "ஃபேஸ் மில் கட்டர், 80 மி.மீ., இன்சர்ட்டுடன் – 1." பழைய பட்டியலில் இருந்த அதே வரி. ஒரு சொல்கூட மாறவில்லை.

அந்த வரியை மாற்ற வேண்டும் என்று நான் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். "ஒரு கட்டருக்கு இவ்வளவு விவாதமா?" என்று நண்பர் ஒருவர் வினவினார். அவருக்குச் சொல்ல முனைந்த விடை நீண்டுவிட்டதால் பதிவாக இடுகிறேன். என் நிலைப்பாடு எளியது. சிறிய மில்லிங் இயந்திரத்துக்கு ஃபேஸ் மில் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தின் திறனையும் விறைப்பையும். வேலைப்பொருளின் அகலத்தையோ விலைப்பட்டியலையோ அன்று. கல்வி நிறுவனங்களில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. அதன் விலையைக் கொடுப்பவர்கள் மாணவர்கள்.

விலை என்று நான் சொல்வது ரூபாயை மட்டும் அன்று. எங்கள் துறையில் முதுநிலை மாணவர் ஒருவர் உராய்வுக் கலக்கு பற்றவைப்பில் ஆய்வு செய்தார். 1991-இல் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள டி.டபிள்யூ.ஐ. ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட இம்முறையில், சுழலும் கருவியின் தோள்பகுதி தகட்டின் மேற்பரப்பில் மிகச் சிறிய ஆழத்துக்கு அழுந்த வேண்டும். அந்த ஆழம் பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான். மாணவர் 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடுகளை மேற்சொன்ன கட்டரால் சமப்படுத்திப் பயன்படுத்தினார். பற்றவைப்பின் வலிமை மாதிரிக்கு மாதிரி தாறுமாறாக மாறியது. சுழல்வேகத்தை மாற்றினார், நகர்வேகத்தை மாற்றினார், கருவியையே மாற்றினார். நான்கு மாதங்கள் கழித்துத்தான் தகடுகளின் தடிமனை மைக்ரோமீட்டரால் பல புள்ளிகளில் அளந்து பார்த்தோம். ஒரே தகட்டுக்குள் 0.15 மில்லிமீட்டர் வரை வேறுபாடு. தோள் அழுந்த வேண்டிய ஆழமும் ஏறக்குறைய அவ்வளவே. அவர் அதுவரை அளந்துகொண்டிருந்தது தம் பற்றவைப்பை அன்று. எங்கள் கட்டரின் பொருந்தாமையை. ஈராண்டுப் படிப்பில் நான்கு மாதங்கள் என்பது சிறிய இழப்பா?

எங்கள் இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நிறுவனம் 1938-இல் அறிமுகப்படுத்திய டரட் மில்லிங் இயந்திரத்தின் வழிவந்த சிறிய வகை அது. ஸ்பிண்டிலின் கூம்பு ஆர்8. அதுவும் அந்நிறுவனத்தின் வடிவமைப்பே. மோட்டார் 1.1 கிலோவாட், அதாவது ஒன்றரைக் குதிரைத்திறன். வேகத்தை மாற்றுவதற்குப் பின்னர் ஒரு வி.எஃப்.டி. பொருத்தப்பட்டது. நம் நாட்டின் எத்தனையோ ஆய்வகங்களிலும் சிறு பட்டறைகளிலும் இத்தகைய இயந்திரமே இருக்கிறது.

இந்த வி.எஃப்.டி. பற்றி ஓர் உண்மையைப் பலர் மறந்துவிடுகிறோம். மோட்டாரின் மீது பொறிக்கப்பட்ட திறன் 50 ஹெர்ட்ஸில் கிடைப்பது. அதற்குக் கீழே செல்லும்போது முறுக்குவிசை ஏறத்தாழ மாறாமல் இருக்கும். ஆகவே திறன் வேகத்தோடு சேர்ந்து குறையும். 50 ஹெர்ட்ஸில் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுழல்கிறது என்று கொள்வோம். பெல்ட்டை மாற்றாமல் 600 சுற்றுக்கு இறக்கினால், 1.1 கிலோவாட்டில் எஞ்சுவது 0.44. பெல்ட், பேரிங் இழப்புகளைக் கழித்தால் வெட்டு முனைக்கு வந்துசேர்வது 0.34 கிலோவாட் அளவே.

இப்போது கணக்கைப் போடுவோம். மென்னெஃகை வெட்டத் தேவையான தன்வெட்டுவிசையைச் சதுர மில்லிமீட்டருக்கு 2000 நியூட்டன் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கருத்தைச் செம்மைப்படுத்திய கீன்சிலின் பெயரை நாம் அனைவரும் தேர்வில் எழுதியிருக்கிறோம். 60 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டையை 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சமப்படுத்த வேண்டும். கார்பைடு இன்சர்ட்டுக்கு நிமிடத்துக்கு 150 மீட்டர் வெட்டு வேகம். பல் ஒன்றுக்கு 0.1 மில்லிமீட்டர் ஊட்டம்.

80 மில்லிமீட்டர், ஆறு பல் கட்டருக்குச் சுழல்வேகம் சுமார் 600. மேசையின் நகர்வு நிமிடத்துக்கு 360 மில்லிமீட்டர். அகலம் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் வெட்டினால் தேவைப்படும் திறன் 0.72 கிலோவாட். கைவசம் உள்ளதோ 0.34.

50 மில்லிமீட்டர், நான்கு பல் கட்டருக்குச் சுழல்வேகம் சுமார் 950. அந்த வேகத்தில் வெட்டு முனைக்குக் கிடைக்கும் திறன் 0.55 கிலோவாட்டை நெருங்குகிறது. முப்பது முப்பது மில்லிமீட்டராக இரண்டு ஓட்டம் விட்டால் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தேவை 0.38 கிலோவாட். இயந்திரம் மூச்சு வாங்காமல் வேலை செய்யும்.

"பெரிய கட்டரில் ஒரே ஓட்டம் போதுமே, நேரம் மிச்சமாகுமே" என்று கேட்பவர்களுக்கும் இக்கணக்கிலேயே விடை இருக்கிறது. பெரிய கட்டரை 0.34 கிலோவாட்டுக்குள் அடக்க வேண்டுமானால் மேசை நகர்வை 170-க்குக் குறைக்க வேண்டும். சிறிய கட்டர் 380-இல் இரண்டு முறை ஓடுவது, ஒரே முறை 190-இல் ஓடுவதற்குச் சமம். ஆகவே மிச்சமாகும் நேரம் என்று எதுவும் இல்லை. கட்டரின் விட்டம் கூடுதலாக இருப்பதால் வேலைப்பொருளின் இரு முனைகளிலும் அது கூடுதலான தூரம் காற்றில் நகர வேண்டியிருப்பதையும் சேர்த்தால், பெரியதுதான் பின்தங்குகிறது.

நகர்வைப் பாதியாகக் குறைத்ததில் வேறொரு தீங்கும் நேர்கிறது. பல் ஒன்றுக்கான ஊட்டம் 0.05-க்கும் கீழே போய்விடுகிறது. எஃகை வெட்டுவதற்கான இன்சர்ட்டின் விளிம்பு கத்தி முனைபோல் இருப்பதில்லை. உடையாதிருக்கும் பொருட்டு அதனைச் சற்றே மழுக்கித்தான் செய்கிறார்கள். சீவலின் தடிமன் அந்த மழுங்கலின் அளவை நெருங்கினால் விளிம்பு வெட்டுவதில்லை, தேய்க்கிறது. தேய்ப்பு வெப்பமாகிறது, வெப்பம் தேய்மானமாகிறது. இயந்திரத்தைக் காப்பாற்றுவதற்காக ஊட்டத்தைக் குறைத்தவர், தம்மை அறியாமலே இன்சர்ட்டைக் கொல்கிறார். பிறகு "இந்த நிறுவனத்து இன்சர்ட் சரியில்லை" என்று கோப்பில் குறிப்பு எழுதப்படுகிறது. குருவி தலையில் பனங்காயை வைத்துவிட்டுக் குருவியையும் பனங்காயையும் மாறி மாறிக் குறை சொல்கிறோம்.

திறன் போதுமானதாக இருக்கும் இடத்திலும் விறைப்பு என்னும் கேள்வி எஞ்சியிருக்கிறது. சாட்டர் என்னும் அதிர்வைப் பற்றிய கோட்பாட்டை டோபையஸ், டிலுஸ்டி ஆகியோர் வழியே பயின்றிருக்கிறோம். அதிர்வின்றி வெட்டக்கூடிய ஆழத்தின் எல்லை, ஒரே நேரத்தில் வெட்டில் இருக்கும் பற்களின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது என்பது அதன் சாரம். நம் எடுத்துக்காட்டில் 80 மில்லிமீட்டர் கட்டரின் வெட்டுக்கோணப் பரப்பு 97 பாகை, பற்களின் இடைவெளி 60 பாகை, சராசரியாக 1.6 பற்கள் உலோகத்துக்குள் இருக்கும். 50 மில்லிமீட்டர் கட்டரில் 74 பாகைக்கு 90 பாகை இடைவெளி, சராசரி 0.8. மற்றவை ஒன்றாக இருக்குமானால் எல்லை ஆழம் இரு மடங்காகிறது. கரும்பலகையில் இக்கோட்பாட்டை அழகாக வருவித்துக் காட்டும் நாம், கொள்முதல் படிவத்தை நிரப்பும்போது மட்டும் பற்கள் மிகுதியாக இருப்பதே சிறப்பு என்று ஏன் எண்ணிவிடுகிறோம்?

பற்கள் குறைந்தால் ஒவ்வொரு பல்லும் தனித்தனியே மோதும் என்பது உண்மை. அதனைத் தாங்கப் பாசிட்டிவ் ரேக் கொண்ட, உலோகத்துக்குள் எளிதாக நுழையும் இன்சர்ட்டுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்சர்ட்டின் பெயரே இதைச் சொல்லிவிடுகிறது. ஏபிகேடி 1604 என்னும் குறியீட்டில் முதல் எழுத்து வடிவத்தையும், இரண்டாவதான 'பி' 11 பாகை இடைவெளிக் கோணத்தையும் குறிக்கும். எஸ்இகேடி 1204 என்பதில் 'எஸ்' சதுரம். 'இ' 20 பாகை. இரண்டாவது எழுத்து 'என்' என்றிருந்தால் இடைவெளிக் கோணம் சுழி. அத்தகைய இன்சர்ட்டைக் கட்டருக்குள் எதிர்ச்சாய்வாகவே பொருத்த முடியும். இருபுறமும் பயன்படுவதால் அது சிக்கனமானது. ஆனால் அதனை உலோகத்துக்குள் தள்ளுவதற்குக் கனத்த இயந்திரம் வேண்டும். அக்குறையை ஈடுசெய்ய இன்சர்ட்டின் முகத்திலேயே பாசிட்டிவ் வடிவப் பள்ளங்களை அமைக்கும் நவீன வகைகள் உண்டு. இருந்தும் ஒன்றரைக் குதிரைத்திறனுக்கு அவை முதல் தேர்வு ஆகா. இந்த எழுத்துகளை வாசிக்கத் தெரிந்த மாணவர், விற்பனையாளரின் பேச்சைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது நுழைவுக் கோணம். 45 பாகைக் கட்டர், 90 பாகைக் கட்டர் என்னும் இரண்டில் எது என்பது அடிக்கடி எழும் வினா. 45 பாகையில் சீவல் மெலிகிறது. பல் ஒன்றுக்கான ஊட்டத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடே அதன் தடிமன். நுழைவு மென்மையாக இருக்கும். வார்ப்பிரும்பின் ஓரம் உடைந்து விழுவது குறையும். ஆனால் விசையின் கணிசமான பகுதி அச்சின் வழியே செயற்பட்டு வேலைப்பொருளைக் கீழே அழுத்தும். தடித்த கட்டையாக இருந்தால் அது நன்மையே. மெல்லிய தகடாக இருந்தால், அழுத்தும்போது வளைந்து, கட்டர் கடந்ததும் நிமிரும். நிமிர்ந்த பிறகு அங்கே மேடு இருக்கும். எங்கள் மாணவரின் தகடுகளில் நிகழ்ந்தவற்றுள் இதுவும் ஒன்று. 90 பாகைக் கட்டரில் அச்சு விசை மிகக் குறைவு. படிவிளிம்பு வரை வெட்டவும் முடியும். ஆய்வகத்துக்கு ஒரே ஒரு கட்டர்தான் வாங்க இயலும் என்றால் நான் 90 பாகையைத் தேர்வேன். இரண்டு வாங்க இயலுமானால் வார்ப்பிரும்புக்கும் தடித்த எஃகுக்கும் 45 பாகையில் ஒன்றைச் சேர்ப்பேன்.

மாணவரின் தகடுகளைக் கெடுத்த மற்றொரு காரணம் பூச்சு. கட்டருடன் வந்த இன்சர்ட்டுகள் எஃகுக்கானவை. டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூசியவை. அலுமினியம் அப்பூச்சில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது குவிந்து, உரிந்து, மேற்பரப்பையும் கிழித்துச் செல்லும். அலுமினியத்துக்கு வேண்டியது பூச்சற்ற, மெருகேற்றிய, கூரிய விளிம்பு. ஒரே கட்டர் உடலில் இன்சர்ட்டை மட்டும் மாற்றி இரு உலோகங்களையும் வெட்டலாம். ஆனால் இரண்டாவது வகைப் பெட்டியைப் பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். "இன்சர்ட்டுடன்" என்ற ஒற்றைச் சொல்லில் அவ்வேறுபாடு புதைந்துவிட்டது.

கார்பைடு மட்டுமே நவீனம் என்னும் மயக்கமும் நமக்கு உண்டு. ஹைஸ்பீடு எஃகில் செய்த ஷெல் எண்டு மில் இன்றும் சிறிய இயந்திரத்தின் நல்ல துணை. 50 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மென்னெஃகில் நிமிடத்துக்கு 180 சுற்று அளவிலேயே ஓட்ட வேண்டும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் விளிம்பு கூர்மையானது. மழுங்கினால் மீண்டும் தீட்டலாம். சென்னையின் அடிசன் நிறுவனம் 1873-இல் தொடங்கப்பட்டது. இத்தகைய வெட்டுக்கருவிகள் நமக்கு அயல்நாட்டுப் பொருள்கள் அல்ல. ஒரு எச்சரிக்கை: 180 சுற்றுக்கு வி.எஃப்.டி.யை நம்பக் கூடாது. பெல்ட்டையோ பேக் கியரையோ மாற்றித்தான் அவ்வேகத்துக்கு இறங்க வேண்டும்.

இவற்றைவிட எளியது ஃபிளை கட்டர். ஒரே ஒரு பல். தேய்ந்தால் கிரைண்டரில் நாமே தீட்டிக்கொள்ளலாம். பல் ஒன்றே ஆதலால் பற்களுக்கிடையே உயர வேறுபாடு என்னும் சிக்கல் எழுவதில்லை. வேகம் குறைவு, ஆயினும் மெல்லிய அலுமினியத் தகட்டின் இறுதி ஓட்டத்துக்கு இதற்கு இணையாக எங்கள் இயந்திரத்தில் வேறொன்றும் அமையவில்லை. அந்த மாணவரின் ஆய்வு ஈற்றில் கரைசேர்ந்தது, ஆய்வகத் தொழில்நுட்பர் தம் கையால் தீட்டிக் கொடுத்த ஃபிளை கட்டரால்தான். அந்த அண்ணாவின் பெயர் ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரியாக இருக்கிறது. கொள்முதல் குழுவில் அவர் இருந்திருந்தால் அந்த நன்றிக்கே தேவை எழுந்திராது.

பெரிய கட்டருக்குரிய நியாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறிய கட்டரால் இரண்டு ஓட்டம் விடும்போது, ஸ்பிண்டில் ஊட்டத் திசைக்குக் குறுக்கே சாய்ந்திருந்தால், ஓட்டங்களுக்கிடையே படி விழும். 100 மில்லிமீட்டருக்கு 0.1 மில்லிமீட்டர் சாய்வு இருந்தால், 30 மில்லிமீட்டர் அகல ஓட்டத்தில் 30 மைக்ரான் படி. பெரிய கட்டரில் இந்தப் படி கண்ணில் படாது. அதற்காகப் பிழை நீங்கிவிட்டது என்று பொருளில்லை. பரப்பு முழுவதும் சரிவாக மாறியிருக்கிறது, அவ்வளவே. அதே அளவு சாய்வு ஊட்டத் திசையில் இருந்தால் பரப்பு குழியும். 80 மில்லிமீட்டர் கட்டர் 60 மில்லிமீட்டர் அகலத்தில் ஏறக்குறைய 14 மைக்ரான் குழிவைத் தரும். 50 மில்லிமீட்டர் கட்டர் 30 மில்லிமீட்டர் அகலத்தில் 5 மைக்ரான். ஆகவே படியைக் கண்டதும் கட்டரைப் பழிக்காமல், டயல் இண்டிகேட்டரை ஸ்பிண்டிலில் பொருத்தி மேசைக்குச் செங்குத்தாக்குவதே முறை. அரை மணி நேர வேலை. ஆய்வு மாணவருக்கு மறைக்கும் கட்டரைவிடக் காட்டிக்கொடுக்கும் கட்டரே உற்ற நண்பன்.

இக்கருத்துகளை எனக்கு முதலில் உணர்த்தியது நூல் அன்று. சித்தூரில் ஒரு சிறிய பட்டறை. தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கும் ஆலைகள் நிறைந்த வட்டாரம் அது. பருவம் வந்துவிட்டால் ஆலை நிற்கக் கூடாது. பம்பின் ஃபிளாஞ்சு, பேரிங் தாங்கி என்று ஏதாவதொன்று நாள்தோறும் பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கும். அந்தப் பட்டறைக்காரரிடம் இருப்பது எங்களுடையதைப் போன்ற இயந்திரமே. இரண்டு குதிரைத்திறன், ஒற்றை முனை மின்சாரம். அவர் கையாள்வது 50 மில்லிமீட்டர், மூன்று இன்சர்ட் கட்டர். "இன்னும் பெரிதாக ஒன்று வாங்கக் கூடாதா அண்ணா?" என்று நான் கேட்டேன். சிரித்தார். "கட்டர் பெருசா இருந்தா போதுமா தம்பி, மிஷின் தாங்க வேணாமா? பெல்ட்டு வழுக்கிச்சுன்னா அன்னிக்குப் பொழப்பு போச்சு" என்றார்.

அவருக்குத் தன்வெட்டுவிசை என்னும் சொல் தெரியாமல் இருக்கலாம். ஆனால் மேலே நான் போட்ட கணக்கின் முடிவு அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்சர்ட் உடைந்தால் நட்டம் அவருடையது. வேலை தாமதமானால் வாடிக்கையாளர் வேறு பட்டறைக்குப் போய்விடுவார். சொந்தப் பணத்தில் வாங்குபவர் இயந்திரத்தைப் பார்த்து வாங்குகிறார். பொதுப்பணத்தில் வாங்கும் நாம் பழைய பட்டியலைப் பார்த்து வாங்குகிறோம். நம் அறியாமையைக் காட்டிலும், தவறின் விளைவு நம்மை வந்தடையாமையே இதற்குக் காரணம் என்பது என் துணிபு. எண்ணெய்த் தாளில் உறங்கும் கட்டருக்காக எவரும் எவரையும் கேள்வி கேட்பதில்லை. இருப்புப் பதிவேட்டில் அது "நன்னிலையில் உள்ளது".

இங்கே ஒரு வழக்கமான விடை வரும்: "விதிகள் அப்படி, குறைந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும், நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடக் கூடாது." விதியை ஒருமுறை முழுமையாக வாசிக்கலாம். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், வாங்கும் பொருளின் விவரம் செயல்பாட்டைச் சுட்டுவதாகவும் அளந்தறியத் தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. வணிகப் பெயரைச் சுட்டுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. ஃபேஸ் மில்லைப் பொறுத்தவரை இது தடையே அன்று. விட்டம், பற்களின் எண்ணிக்கை, நுழைவுக் கோணம், இன்சர்ட்டின் குறியீடு, ஆர்பரின் கூம்பு, டிராபாரின் மரை ஆகிய அனைத்தும் எண்கள். ஒரு நிறுவனத்தின் பெயரையும் சொல்லாமல், பொருந்தாத கட்டர் உள்ளே வரவே முடியாதபடி ஒரு வரியை எழுதலாம். குறைந்த விலை என்னும் விதி, நாம் கேட்டதற்குள்தான் குறைந்த விலையைத் தேடுகிறது. நாம் எதையும் கேட்காதபோது அது எதையும் தந்துவிடுகிறது.

நான் எழுதிக் கொடுத்த வரி இது: "ஃபேஸ் மில் கட்டர்: விட்டம் 50 மி.மீ.; பற்கள் 3 அல்லது 4; நுழைவுக் கோணம் 90 பாகை; பாசிட்டிவ் ரேக்; ஏபிகேடி 1604 அல்லது ஏபிஎம்டி 1135 இன்சர்ட் பொருந்துவது; ஆர்8 ஆர்பருடன், டிராபார் மரை 7/16 அங்குலம்; எஃகுக்கான பூச்சுள்ள இன்சர்ட் ஒரு பெட்டி, அலுமினியத்துக்கான பூச்சற்ற மெருகேற்றிய இன்சர்ட் ஒரு பெட்டி; மாற்றுத் திருகுகளும் சாவியும்." இதனுடன் தனி வரியாக ஒரு ஃபிளை கட்டர். பழைய வரியைவிட நீளம்தான். நான்கு மாதங்களைவிடச் சுருக்கம்.

"மாணவர்கள் நாளை ஸ்ரீசிட்டியிலோ ஒரகடத்திலோ பெரிய இயந்திரங்களுக்கு முன்னால் நிற்கப் போகிறவர்கள், பெரிய கட்டரை இங்கேயே பார்க்க வேண்டாமா?" என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பார்க்கட்டும். ஆனால் அங்கே அந்தக் கட்டர் தன் இயந்திரத்தோடு பொருந்தி ஓடும். இங்கே அவர்கள் காண்பது, பொருந்தாத கட்டரை ஊட்டம் குறைத்து, காதைப் பொத்திக்கொண்டு ஓட்டுவதை. அதிலிருந்து அவர்கள் கற்பது பெரிய கட்டரின் இயல்பையா, பொருந்தாமையைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கத்தையா? தொழிற்சாலை நாளை அவர்களிடம் எதிர்பார்க்கப்போவது, இந்த இயந்திரத்துக்கு இந்தக் கட்டர் ஏன் என்று சொல்லும் திறனை. விரலுக்குத் தக்க வீக்கம் எவ்வளவு என்று கணக்கிடத் தெரிந்தவருக்கு விரல் எதுவானாலும் ஒன்றுதான்.

நான் எழுதிய தேர்வுகளில் ஃபேஸ் மில்லின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னார்கள். கோணங்களின் வரையறைகளைக் கேட்டார்கள். ஓர் இயந்திரத்தின் விவரங்களைக் கொடுத்து, இதற்குப் பொருந்தும் கட்டரைத் தேர்ந்தெடுத்துக் காரணம் கூறுக என்று எவரும் கேட்டதில்லை. தேர்ந்தெடுத்தல் எழுத்தர் வேலை என்று எங்கோ முடிவு செய்துவிட்டோம். பொறியியலின் கரு அதுவன்றோ?

குறை மட்டும் சொல்லிப் போவது முறையன்று. என் துறைக்கு நான் வைத்திருக்கும் வேண்டுகோள்கள் நான்கு. முதலாவது, ஒவ்வோர் இயந்திரத்தின் மீதும் ஓர் அட்டை: எந்தச் சுழல்வேகத்தில் ஸ்பிண்டிலுக்கு எவ்வளவு திறன் கிடைக்கும், கூம்பும் டிராபார் மரையும் எவை, எவ்வளவு விட்டம் வரை ஃபேஸ் மில் பொருத்தலாம் என்பன அதில் இருக்கட்டும். இரண்டாவது, வெட்டுக்கருவி வாங்கும் எந்தப் படிவத்திலும் அந்த இயந்திரத்தை இயக்கும் தொழில்நுட்பரின் கையொப்பம் கட்டாயமாகட்டும். மூன்றாவது, இளநிலை மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: ஒரே கட்டையை ஃபிளை கட்டராலும், 50 மில்லிமீட்டர் கட்டராலும், உறங்கும் அந்த 80 மில்லிமீட்டர் கட்டராலும் வெட்டி, மோட்டாரின் மின்னோட்டத்தையும் பரப்பின் சொரசொரப்பையும் அளக்கட்டும். அந்தக் கட்டருக்கும் அப்படியொரு பயன் கிடைக்கும். நான்காவது, ஆய்வேடுகளில் "பரப்பு மில்லிங் செய்யப்பட்டது" என்று எழுதி நிறுத்தாமல், கட்டரின் விட்டம், பற்கள், இன்சர்ட், ஊட்டம் ஆகியவற்றையும் பதிவு செய்வோம். மாதிரியைத் தயாரித்த முறை தெரியாத முடிவை வேறொருவர் மீண்டும் செய்து பார்ப்பது எப்படி?

கொள்முதல் குழு வரும் வியாழக்கிழமை கூடுகிறது. என் வரி ஏற்கப்படுமா என்பது அன்று தெரியும். உங்கள் ஆய்வகத்தின் அலமாரியிலும் எண்ணெய்த் தாளில் ஏதேனும் உறங்கினால், அதன் விட்டத்தையும் பற்களின் எண்ணிக்கையையும், உங்கள் இயந்திரத்தின் திறனையும் கீழே எழுதுங்கள். என் கணக்கில் பிழை இருந்தாலும் சுட்டிக்காட்டுங்கள். வியாழனுக்கு முன்பாகத் திருத்திக்கொள்கிறேன்.